ஃபார்மேட் செய்வதற்கு முன் ஓர் இரவு சோதியுங்கள்

எங்கள் வீட்டுக் கணினிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவசர வேலை இருக்கும் நாளாகப் பார்த்து நின்றுவிடும். அப்போது நான் போலிடெக்னிக்கில் இறுதித் தவணை படித்துக்கொண்டிருந்தேன். திட்டப்பணி அறிக்கையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகும். கணினி தானாக மூடித் திறக்கும். சேமிக்காத இரண்டு பக்கம் போயிருக்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் ஐந்து மணி நேரம் ஒழுங்காக ஓடும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "விண்டோஸ் கெட்டுப்போச்சு தம்பி, ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார் கடைக்காரர். 80 ரிங்கிட். பத்து நாள் நன்றாக இருந்தது. பதினோராம் நாள் மீண்டும் நீலத்திரை. அடுத்த கடையில் ஹார்ட் டிஸ்க்தான் காரணம் என்று சொல்லி எஸ்எஸ்டி மாற்றினார்கள். 190 ரிங்கிட். அதற்குப் பிறகும் நின்றது. மூன்றாவது கடையில், "மதர்போர்டு போயிருக்கும். இதுக்கு மேல செலவு செய்றது வீண். புதுசா வாங்கிடுங்க, ரெண்டாயிரம் வெள்ளிக்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்றார்கள்.

அப்பா பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். அன்று வீடு திரும்பும் வழியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "படிப்புக்கு வேணும்தானே? அடுத்த மாசம் ஓவர்டைம் கூட எடுத்துக்கிறேன்."

அந்த ஓவர்டைம் தேவைப்படவில்லை. எங்கள் துறையின் கணினிக்கூடத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். மலாய்க்காரர்; மாணவர்கள் எல்லாரும் அவரை 'அபாங்' என்றே கூப்பிடுவோம். என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் மூன்று கேள்விகள் கேட்டார். எப்போது நிற்கிறது? அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய்? முதன்முறை நிற்பதற்கு முன் கணினியில் எதை மாற்றினாய்? எட்டு மாதங்களாக அந்தக் கணினியோடு மல்லுக்கட்டியும் மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் சிரித்தபடி ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். அதில் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருள் இருந்தது. இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் பார்க்கச் சொன்னார்.

காலை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இருபது நிமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. என் கணினியில் 8 ஜிபி ரேம்கள் இரண்டு இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன், பிழை இல்லை. அதை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் போட்டேன், பிழை. வேறு ஸ்லாட்டில் மாற்றிப் போட்டேன், அப்போதும் பிழை. கோளாறு அந்த ஒரு ரேமில்தான். அதற்கு ஆயுள்கால உத்தரவாதம் இருந்தது. சோதனைத் திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, ரேமோடு சேர்த்துக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் புதிய ரேம் வந்தது. ஒரு காசு செலவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த எட்டு மாதத்துக்குள்தான் அம்மா, பழைய மடிக்கணினியில் இருந்த குடும்பப் படங்களை எல்லாம் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றினேன். மடிக்கணினியைச் சுத்தமாகத் துடைத்து மாமா மகளுக்குக் கொடுத்துவிட்டோம். ரேம் சரியான பிறகு ஒருநாள் பாட்டியின் எழுபதாம் பிறந்தநாள் படங்களைத் திறந்தோம். சில படங்கள் பாதி வரை தெளிவாக இருந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். சில படங்கள் திறக்கவே இல்லை. கோப்புகளை நகலெடுக்கும்போது அவை ரேம் வழியாகத்தான் போகின்றன. கெட்ட ரேம் அவற்றைக் கெடுத்து அனுப்பியிருக்கிறது. நகலெடுக்கும்போது எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பாட்டி இப்போது இல்லை. அந்தப் படங்களுக்கு வேறு பிரதியும் இல்லை.

ஒரு கணினி திறக்கிறது என்பதற்காக அது நலமாக இருக்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். அது நின்றுபோனால், யாரோ ஊகித்துச் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொடுக்கிறோம். இரண்டுமே தவறு. நம் உழைப்பை ஒரு கணினியிடம் ஒப்படைப்பதற்கு முன்பும், அதற்காகப் பணம் செலவழிப்பதற்கு முன்பும் அதைப் பளு கொடுத்துச் சோதித்துப் பார்க்க ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சும்மா இருக்கும் கணினி உண்மையைச் சொல்லாது

தாமானுக்குள் கடைக்கும் வீட்டுக்கும் ஓடும்போது ஒரு காரில் எந்தக் குறையும் தெரியாது. அதே கார் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கெந்திங் மலை ஏறும்போதுதான் ரேடியேட்டர் ஒழுகுவது தெரியவரும். கணினியும் அப்படித்தான். கடிதம் தட்டும்போதும் காணொளி பார்க்கும்போதும் அதன் திறனில் சிறு பகுதிதான் வேலை செய்கிறது. ரேமில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். கெட்டுப்போன இடம் அந்தக் காலிப் பகுதியில் இருந்தால் நீங்கள் அதை மாதக்கணக்கில் மிதிக்காமலேயே போகலாம். இணைய உலாவியில் முப்பது பக்கங்கள், கூடவே ஒரு காணொளித் தொகுப்பு மென்பொருள் என்று திறக்கும் நாளில் அந்த இடத்தில் கால் வைப்பீர்கள். முக்கியமான வேலை இருக்கும் நாளில்தான் கணினி நிற்கிறது என்று நாம் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். முக்கியமான வேலைதான் பெரும்பாலும் கனமான வேலையாக இருக்கிறது.

பளுச் சோதனை என்பது அந்த மலையை நாமே திட்டமிட்டு ஏற வைப்பது. ரேம், புராசசர், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை ஆகியவற்றுக்கு முழு வேலை கொடுத்து, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது. அந்த நேரத்தில் நின்றுபோனால் நமக்கு இழப்பில்லை, தகவல்தான் கிடைக்கிறது.

16 ஜிபி ரேமில் 137 பில்லியனுக்கும் மேற்பட்ட பிட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்று அல்லது சுழியம். 100 என்ற எண்ணைக் கணினி 1100100 என்று வைத்துக்கொள்கிறது. அதன் முதல் பிட் மட்டும் தவறாகச் சுழியமானால் அந்த எண் 36 ஆகிவிடும். உங்கள் அறிக்கையில் 100 மீட்டர் 36 மீட்டரானாலும் கணினிக்கு அது தவறாகத் தெரியாது.

2003ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில் ஷேர்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. அவ்வளவு வாக்குகள் கிடைக்கவே வாய்ப்பில்லை என்பதால்தான் தவறு வெளிப்பட்டது. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. அதாவது, ஒரே ஒரு பிட் புரண்டால் வரக்கூடிய வேறுபாடு. மென்பொருளில் பிழை எதுவும் அகப்படாததால், நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

இது என்றைக்கோ ஒருநாள் நடக்கும் விந்தை என்று எண்ண வேண்டாம். கூகல் தன் கணினிகளில் உள்ள ரேம்களை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஓராண்டுக்குள் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழைகள் பதிவாகியிருந்தன. அவை பிழைகளைக் கண்டறிந்து பதிவுசெய்யும் வசதி கொண்ட ரேம்கள். நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. நம்மிடம் பிழை நடந்தாலும் பதிவு இருக்காது.

நான்கு மாதம் பொறுத்த பேராசிரியர்

கணினிக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் தோமஸ் நைஸ்லியைப் பற்றிச் சொல்வேன். அவர் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். பகா எண்களைப் பற்றிய ஒரு கணக்கைப் பல கணினிகளில் ஓடவிட்டிருந்தார். 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் விடைகளில் ஒரு முரண்பாடு தெரிந்தது. புதிதாகச் சேர்த்த பெண்டியம் கணினியின் மீது சந்தேகம் எழுந்தது.

அவர் உடனே யாரையும் குற்றம் சாட்டவில்லை. தன் நிரலில் தவறா என்று பார்த்தார். நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருளில் தவறா என்று பார்த்தார். மதர்போர்டைச் சந்தேகித்தார். வேறு கணினிகளில் அதே கணக்கை ஓட்டினார். ஒவ்வொரு காரணமாக நீக்கிக்கொண்டே வந்து, அக்டோபர் மாதத்தில்தான் பெண்டியம் புராசசர் வகுத்தல் கணக்கைத் தவறாகப் போடுகிறது என்று உறுதியாகச் சொன்னார். பிறகு மற்றவர்களும் சோதித்தார்கள். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டும். அந்த புராசசர் 1.3337 என்றது.

சாதாரணப் பயனாளர் இந்தப் பிழையை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் சந்திப்பார் என்று இன்டெல் நிறுவனம் முதலில் சமாதானம் சொன்னது. டிசம்பரில், கேட்பவர் எல்லாருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்காக அந்த நிறுவனம் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் அமெரிக்க டாலர். ஒரு கல்லூரி ஆசிரியரின் சொல்லை உலகின் மிகப் பெரிய சில்லு நிறுவனத்தால் மறுக்க முடியவில்லை. அவர் கையில் இருந்தது வாதம் மட்டுமல்ல. யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்துபார்க்கக்கூடிய சோதனையும் இருந்தது.

நாம் செய்வது இதற்கு நேர்மாறு. கணினி நின்றதும் நம் மனத்தில் தோன்றும் முதல் காரணத்தையே முடிவாக எடுத்துக்கொள்கிறோம். இதில் அனுபவசாலிகளும் தப்புவதில்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி புராசசர்கள் சிலவற்றில் நிலைத்தன்மைக் கோளாறு இருப்பது 2024ஆம் ஆண்டு பெரிய செய்தியானது. அந்தக் கணினிகளில் சில விளையாட்டுகள் நின்றுபோகும்போது திரையில் வந்த செய்தி, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்பது. அதைப் படிப்பவர் யாரைச் சந்தேகிப்பார்? கிராபிக்ஸ் கார்டைத்தான். உண்மையான காரணம் புராசசருக்குப் போன அளவுக்கு மீறிய மின்னழுத்தம். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் இன்டெல் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட புராசசரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது என்றும் சொன்னது. திரையில் வரும் செய்தி, கணினி எங்கே விழுந்தது என்பதைத்தான் சொல்கிறது. எது தள்ளிவிட்டது என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

எந்த வரிசையில் சோதிப்பது?

முதலில், முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டிலோ இணையச் சேமிப்பிலோ நகலெடுங்கள். இதைச் செய்யாமல் எந்தச் சோதனையையும் தொடங்காதீர்கள். நகலெடுத்த கோப்புகள் சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். பழைய பிரதியை உடனே அழித்துவிடாதீர்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். அபாங் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதிலை ஒரு வாரம் எழுதி வாருங்கள். விண்டோஸில் நம்பகத்தன்மைக் கண்காணிப்பு என்ற பகுதி இருக்கிறது. ரிலையபிலிட்டி என்று தேடினால் கிடைக்கும். எந்த நாளில் எது நின்றது என்பதை அது நாள்காட்டிபோல் காட்டும். நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவைப் பார்த்துவிட்டுப் பலர் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றுவிட்டது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை.

மூன்றாவது வெப்பம். நம் ஊர் வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அறையில், தூசு அடைத்த விசிறியோடு ஓடும் கணினிக்குப் பாதி நோய் இதனால்தான் வருகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு பாகத்தின் வெப்பநிலையையும் காட்டும். கடினமான வேலையின்போது புராசசர் 80, 85 பாகை செல்சியசுக்குப் போவது இயல்பு. மடிக்கணினிகள் 90ஐத் தாண்டுவதும் அரிதல்ல. 100ஐ நெருங்கும்போது பெரும்பாலான புராசசர்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால் கணினி சட்டென்று அணைந்துவிடும். தூசு தட்டிச் சுத்தம் செய்வதே பல கணினிகளுக்குப் போதுமான வைத்தியம்.

நான்காவது ரேம். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. அதைவிடக் கடுமையானது மெம்டெஸ்ட்86. பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் திறக்காமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். ஓர் இரவு முழுவதும் ஓடட்டும். இதில் தேர்ச்சி மதிப்பெண் 100 விழுக்காடுதான். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்வி. பிழை வந்தால் உடனே ரேமைத் தூக்கி எறிய வேண்டாம். பயோஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி முடுக்கத்தை அணைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். பிழை மறைந்தால் பிரச்சினை வேகத்தில் இருக்கலாம். மறையாவிட்டால் ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டு, ஸ்லாட் மாற்றிப் பாருங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேமில் கோளாறு. ஸ்லாட்டோடு தங்கினால் மதர்போர்டையோ புராசசரையோ பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். பள்ளி அறிவியல் கூடத்தில் மாறி, நிலையான மாறி என்று படித்தது இதற்குத்தான்.

ஐந்தாவது புராசசர். இதற்குப் பிரைம்95 பெயர் பெற்றது. 1996ஆம் ஆண்டு தொடங்கிய, மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் ஒரு கூட்டு முயற்சிக்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. மாதக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு பிழை விழுந்தாலும் எல்லாம் வீண் என்பதால், கணினி நம்பத்தக்கதா என்று பார்க்க அதில் ஒரு சோதனையையும் சேர்த்தார்கள். சரியான விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, கணினி அதே விடையைத் தருகிறதா என்று அது ஒப்பிடுகிறது. ஆகவே, கணினி நின்றுபோகாமல் அமைதியாகத் தவறு செய்தாலும் பிடித்துவிடும். 2016ஆம் ஆண்டு இன்டெல்லின் ஸ்கைலேக் புராசசர்களில் இருந்த ஒரு குறை வெளிப்பட்டதும் பிரைம்95 ஓட்டியவர்களால்தான். பயோஸ் திருத்தம் மூலம் அது சரிசெய்யப்பட்டது.

பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு ஃபர்மார்க் அல்லது ஓசிசிடி. வட்டு நலமாக இருக்கிறதா என்று பார்க்கக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. அது மஞ்சள் எச்சரிக்கை காட்டினால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தனித்தனியே தேறி, இரண்டையும் ஒன்றாக ஓட்டும்போது மட்டும் நீலத்திரைகூட வராமல் கணினி பட்டென்று அணைந்தால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். வேறொரு பவர் சப்ளையை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே வழி.

"சோதித்தால் கெட்டுவிடாதா?"

இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் எழுப்பும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நல்ல நிலையில், சரியான குளிரூட்டலோடு இருக்கும் கணினி முழுப் பளுவைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. சில மணி நேரச் சோதனையில் ஒரு பாகம் செத்தால், அது ஏற்கெனவே சாகும் தறுவாயில் இருந்திருக்கிறது. தேர்வுக்கு முந்திய இரவு சாவதைவிட விடுமுறை நாளில் சாவது மேல். ஆனாலும் கவனம் தேவை. புராசசர், கிராபிக்ஸ் சோதனைகளின்போது பக்கத்திலேயே இருந்து வெப்பநிலையைப் பாருங்கள். மடிக்கணினியை மெத்தையின் மேல் வைத்துச் சோதிக்காதீர்கள். சாதாரணச் சந்தேகத்துக்கு ஒரு மணி நேரம் போதும். இரவு முழுவதும் ஆளில்லாமல் விடக்கூடியது ரேம் சோதனை மட்டும்.

"அதுதான் கடைக்காரர் இருக்கிறாரே, நாம் ஏன் இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்பது இன்னொரு கேள்வி. மருத்துவரிடம் போகும்போது நாம் மருத்துவராக வேண்டியதில்லை. ஆனால் எத்தனை நாளாகக் காய்ச்சல், எப்போது கூடுகிறது என்று சொல்லத் தெரிந்திருக்கிறோம். கடைக்காரர்களில் பெரும்பாலோர் ஏமாற்றுபவர்கள் அல்லர். என் கணினியைப் பார்த்த மூவரும் என்னை ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது ஓர் இரவு முழுவதும் சோதிக்க அவர்களுக்கு நேரமில்லை. விரைவில் செய்யக்கூடியதைச் செய்கிறார்கள். அந்த ஓர் இரவு நம்மிடம்தான் இருக்கிறது.

சோதனை முடிவு கையில் இருந்தால் பேச்சும் மாறுகிறது. "அடிக்கடி நின்னு போகுது" என்று சொல்வது வேறு. "ரேம் சோதனையில் இத்தனை பிழை, இந்தத் தேதியில், இதோ படம்" என்று காட்டுவது வேறு. உத்தரவாதக் காலத்தில் இருந்தும் விற்றவர் மறுத்தால், நம் நாட்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனு செய்யக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை. அங்கும் ஆதாரம்தான் பேசும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சோதனையில் பிழை வந்தால் எங்கோ கோளாறு இருக்கிறது என்பது உறுதி. பிழை வராவிட்டால் கோளாறே இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. சில குறைகள் குறிப்பிட்ட வெப்பத்தில், குறிப்பிட்ட வேலையில் மட்டுமே தலைகாட்டும். சில சமயம் கோளாறு உண்மையிலேயே மென்பொருளில்தான் இருக்கும். அப்போது ஃபார்மேட் செய்வதே சரியான வைத்தியம். அதைக் கடைசியில் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஃபார்மேட் செய்தால் கோப்புகள் போகும். கூடவே நோயின் தடயங்களும் போகும்.

பள்ளிகளும் கழகங்களும் என்ன செய்யலாம்?

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் பழைய கணினிகளைச் சேகரித்து, வசதி குறைந்த மாணவர்களுக்குக் கொடுத்த நல்லுள்ளங்கள் பல. இன்றும் அந்தப் பணி அங்கங்கே நடக்கிறது. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொடுப்பதற்கு முன் ஓர் இரவு சோதியுங்கள். முடிவை ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுங்கள். வீட்டில் ஒரே ஒரு கணினி இருக்கும் மாணவருக்கு, அது அடிக்கடி நின்றால் மாற்று இல்லை. கணினியே இல்லாதவர் பள்ளி நூலகத்துக்காவது போவார். நம்பமுடியாத கணினி இருப்பவர் அதையே நம்பி உட்கார்ந்திருந்து, ஒப்படைக்கும் நாளில் ஏமாறுவார்.

இதைச் செய்ய ஆள் எங்கே என்று கேட்கலாம். இடைநிலைப்பள்ளிக் கணினிக் கழகங்களில் இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் விளக்கக்காட்சி செய்யவும் நிரல் எழுதவும் கற்றுத் தருகிறார்கள். நல்லதுதான். அவற்றோடு ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, பள்ளி வட்டாரத்தில் உள்ளவர்களின் கணினிகளைச் சோதித்துத் தரும் முகாம் நடத்தலாம். மூன்று பென்டிரைவ்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும். மென்பொருள்கள் இலவசம். படிவம் 4 மாணவர் ஒருவர் தன் அண்டை வீட்டு அக்காவின் கணினியில் கெட்ட ரேமைக் கண்டுபிடித்து, அவருக்கு இரண்டாயிரம் ரிங்கிட் மிச்சப்படுத்தினால், அந்த மாணவர் அறிவியலில் கற்றுக்கொள்ளும் பாடத்தைத் தேர்வுத் தாளில் கொண்டுவர முடியாது.

ஏனென்றால் இது கணினியைப் பற்றியது மட்டுமல்ல. அறிகுறியைக் குறித்துக்கொள், ஊகத்தைச் சோதி, ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று, ஆதாரத்தோடு பேசு என்ற பழக்கம் பொறியாளருக்கும் வேண்டும், தாதிக்கும் வேண்டும், மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவருக்கும் வேண்டும். அதை ஒரு பழைய கணினியிடம் கற்றுக்கொள்வதுதான் ஆகக் குறைந்த செலவு.

அபாங் கொடுத்த பென்டிரைவ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, அடுத்து யாராவது புலம்பினால் அவர்களிடம் கொடு என்று சொல்லிவிட்டார். இதுவரை பல வீடுகளுக்குப் போய் வந்துவிட்டது. மாமா மகளிடம் இருக்கும் பழைய மடிக்கணினிக்கும் போனது. ஏதாவது படம் மிச்சம் இருக்குமா என்று அப்போது தேடியும் பார்த்தேன். இல்லை. ஆனால் அந்த மடிக்கணினி எல்லாச் சோதனைகளிலும் தேறியது. இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதும் அவளுக்கு, தன் குறிப்புகளை நம்பி வைக்க ஓர் இடம் இருக்கிறது.

இந்த வாரக் கடைசியில் உங்கள் கணினியையும் ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள்.